கோபுரத்தின் மூன்றாம் நிலையில் லோகாம்பாள்

காஞ்சிபுரத்தில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கோபுரத்தின் மேலேயே அண்டா, குண்டா, ஜமக்காளம் சகிதம் குடித்தனம் நடத்துகிறவள் ஒருத்திதான். அவள் பெயர் லோகாம்பாள். விலாசம், மூன்றாம் நிலைக்கு மேலே, நான்காம் நிலைக்குக் கீழே. இதை நான் சொல்லவில்லை, சர்க்கார் சொல்கிறது. சர்க்கார் ஒன்றைச் சொன்னால் அதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கும் என்று நம்பித்தானே நாமெல்லாம் வரி கட்டுகிறோம்?

லோகாம்பாளையே கேட்டால், "நான் எந்தக் கோபுரத்து மேலயும் ஏறினது கிடையாதுபா, எனக்கு முட்டி வலி" என்பாள். முட்டி வலியெல்லாம் சர்க்கார் கணக்கில் சேராது.

அவள் வீடு கோபுரவாசல் தெருவில், கோபுரத்தின் காலடியில், தரையோடு தரையாக இருக்கிற ஓட்டு வீடு. முன்பக்கம் கடை. 'தர்மன் வாடகைப் பாத்திரக் கடை' என்று பலகை. தர்மன் அவள் புருஷன். பலகையில் இருப்பது அவன் பெயர், கடையில் கேட்பது அவள் வாய். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் ஊருக்கு அண்டாவும் நாற்காலியும் அங்கிருந்துதான் போகும். ஒவ்வொரு சாமானிலும் 'லோ' என்று உளியால் பொறித்திருக்கும். வாலாஜாபாத்திலிருந்து இரண்டே அண்டாக்களைத் தலையில் சுமந்துகொண்டு வந்து இறங்கிய புருஷனும் பெண்சாதியும், அந்த அண்டாக்களை ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் அனுப்பி அனுப்பிச் சேர்த்துக் கட்டிய வீடு அது. ஒவ்வொரு ஓட்டுக்கும் எந்தக் கல்யாணத்தில் வந்தது என்று அவளால் சொல்ல முடியும்.

எழுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு சின்ன விமானம் ஊருக்கு மேலே வந்தது. சாமி வீதியுலா போகிற மாதிரி நிதானமாக ஒரு கோடிக்குப் போய், திரும்பி, மறு கோடிக்கு வந்தது. தேர்தல் நோட்டீஸ் போடப்போகிறார்கள் என்று ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஒன்றும் விழவில்லை. அடுத்த வருஷம்தான் விழுந்தது.

விழுந்தது ஓர் அலுவலகம். 'வான்பட நில அளவைத் தனி அலுவலகம்' என்று பெயர். சங்கிலி பிடித்து, வரப்பு வரப்பாக வெயிலில் நடந்து நிலம் அளக்கிற பழைய முறை ஒழிந்தது. இனிமேல் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தை மேஜையில் விரித்து, ஒரு குட்டிச் சக்கரத்தை அதன்மேல் ஓட்டினால் போதும், சக்கரமே பரப்பைச் சொல்லிவிடும். நிலத்தை மிதிக்கவே வேண்டாம். நிலத்தை மிதிக்காமல் நிலம் அளப்பதில் அந்த அலுவலகத்துக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அலுவலகம் வந்துவிட்டது, அதற்குரிய நாற்காலி வரவில்லை. நாற்காலிக்கு எழுதிய கடிதம் மெட்ராஸில் யாரோ ஒருவருடைய நாற்காலிக்கு அடியில் கிடந்தது. ஆகவே மேஜை, மடக்கு நாற்காலி, ஜமக்காளம், தண்ணீர் அண்டா எல்லாம் லோகாம்பாள் கடையிலிருந்து வாடகைக்குப் போயின. திறப்பு விழா முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். விழா முடிந்தது, நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். வரவேற்றுப் பேசியவர் தனி அலுவலர் திருஞானசம்பந்தம். வடக்கே போய்ப் பயிற்சி பெற்றவர். வெள்ளை சஃபாரி, மூக்கின் நுனியில் கண்ணாடி. கையில் ஒரு சாத்துக்குடி.

"பெரியோர்களே! பூமி உருண்டை. காகிதம் தட்டை. மனித குலத்தின் துயரம் இவ்வளவுதான்" என்று ஆரம்பித்தார். சாத்துக்குடியை உரித்து, தோலை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். "பாருங்கள், கிழிகிறது. கிழியாமல் விரிக்க வேண்டுமானால் இழுக்க வேண்டும். ஓரிடத்தை இழுத்தால் இன்னோரிடம் சுருங்கும். உலகத்தில் எந்த வரைபடமும் இந்தக் குற்றத்தைச் செய்யாமல் இருந்ததில்லை. ஆகவே நாளைக்கு உங்களில் ஒருவருக்கு மனை சுருங்கிவிட்டால் அலுவலகத்தின்மேல் வருத்தப்படாதீர்கள். பூமி உருண்டையாக இருப்பதற்காக வேண்டுமானால் வருத்தப்படுங்கள். கிழிசல் யார்மேலாவது விழுந்துதான் தீரும். அது அலுவலகத்தின்மேல் விழாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்."

பலத்த கைதட்டல். சுளைகளை மெட்ராஸ் அதிகாரி சாப்பிட்டார். தோல் காஞ்சிபுரத்துக்கு.

லோகாம்பாள் கடைசியில் நின்று தம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சத்தார் பாய். அப்துல் சத்தார் அவள் கடைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர், அடுத்த தெருக்காரர்.

"பாய், அந்த ஆளு இன்னா சொல்றாரு?"

"உருண்டையைத் தட்டையாக்கறாராம்மா. நமக்குத் தெரிஞ்சதெல்லாம் நசுங்கின அண்டாவைத் தட்டி உருண்டையாக்கறதுதான்."

"ஆக்கட்டும் ஆக்கட்டும். நம்ம தம்ளரை நசுக்காம இருந்தா சரி."

ஆறு மாதம் அப்படியே போனது. அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் லோகாம்பாள் வாசலில் அண்டா துலக்கிக்கொண்டிருந்தாள். மேலே புறாக்கள் சடசடவென்று பறந்தன. நிமிர்ந்து பார்த்தால் கோபுரத்தின் மூன்றாம் நிலை வாசலிலிருந்து காக்கிச் சட்டை ஒன்று பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு சுதைப் பூதத்தின் தொப்பையில் பசை தடவிக்கொண்டிருந்தது. நில அளவை அலுவலகப் பியூன் அர்ஜுனன்.

"இன்னாபா அர்ஜுனா! அங்க இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

"உங்க வூட்டுல நோட்டீஸ் ஒட்டிக்கினு இருக்கிறேன்மா!"

"என் வூடு இங்க இருக்குதுடா!"

"ரிக்கார்டுல இங்கதான்மா இருக்குது! பேசாதீங்க, கீழ பாத்தா எனக்குத் தலை சுத்துது!"

அவன் இறங்கி வந்தபோது தலையெல்லாம் புறா எச்சம். லோகாம்பாள் அவனைக் கடைப்படியில் உட்காரவைத்து ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். ரிக்கார்டில் உள்ள விலாசத்தில்தான் ஒட்ட வேண்டும், அவள் கையில் கொடுத்தால் வேலை போய்விடும் என்று சொல்லி, ஒட்டியதில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் மனப்பாடமாக ஒப்பித்தான்:

"'திருமதி லோகாம்பாள், கோபுரம், மூன்றாம் நிலைக்கு மேல், அவர்களுக்கு. தாங்கள் தங்களுடையதாகச் சொல்லிக்கொள்ளும் மனையை வான்படத்தில் ஆய்ந்ததில் வீடு எதுவும் காணப்படவில்லை. கோபுரமே காணப்படுகிறது. ஆகவே தாங்கள் கோபுரத்தின்மீது அத்துமீறிக் குடியிருப்பதாகத் தெரிகிறது. முப்பது தினங்களுக்குள் சகல சாமான்களுடனும் கீழே இறங்கவும். தவறினால் இறக்கப்படுவீர்கள்.' அவ்வளவுதான்மா. இன்னும் கொஞ்சம் மோரு இருக்குதா?"

லோகாம்பாளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. 'இறக்கப்படுவீர்கள்' என்ற வார்த்தை உள்ளே இறங்கிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கையைக்கூடத் துடைக்காமல் அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

அலுவலகத்தில் திருஞானசம்பந்தம் 'லோ' என்று பொறித்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் நின்றாள். நாற்காலிக்குச் சொந்தக்காரியை உட்காரச் சொல்லுகிற வழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

"ஐயா, என் வூடு கோபுரத்துக்குப் பக்கத்துல இருக்குதுங்க. மேல இல்ல."

"அம்மா, நீங்கள் படிக்காதவர், உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். விமானம் நேர் கீழே பார்த்துப் படம் எடுக்கிறது. படத்தின் நடுவில் இருப்பது சரியாக விழும். ஓரத்தில் இருக்கிற உயரமான பொருள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, படுத்த மாதிரி விழும். இது கேமராவின் இயற்கை. உங்கள் கோபுரம் ஓரத்தில் இருக்கிறது, உயரமாகவும் இருக்கிறது. அதன் மூன்றாம் நிலை சாய்ந்து விழுந்த இடத்தில் உங்கள் வீடு இருக்கிறது. அதாவது, இருந்திருக்கக்கூடும்."

லோகாம்பாளுக்கு உயிர் வந்தது. "அப்ப கோபுரம் நெசமா சாயல, படத்துலதான் சாஞ்சிருக்குதுன்னு உங்களுக்கே தெரியுதுங்களே!"

"நன்றாகத் தெரியும். இதற்காகத்தான் என்னை வடக்கே அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள்."

"அப்புறம் ஏங்க என் வூடு இல்லன்னு எழுதனீங்க?"

"எழுதுவது வேறு. எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுத ஆரம்பித்தால் அலுவலகம் என்னாவது? படத்தில் காண்பதைத்தான் எழுத வேண்டும். அங்கே கோபுரத்துக்கு நியாயமாக இருக்க வேண்டிய பரப்பைப்போல மூன்று பங்கு வருகிறது. சக்கரத்தை நானே ஓட்டிப் பார்த்தேன். சக்கரம் பொய் சொல்லாது." மேஜைமேல் இருந்த இரட்டைக் கண்ணாடிக் கருவியை அன்போடு தடவினார். "ஒரே இடத்தை எடுத்த இரண்டு படங்களை இதில் வைத்து, இரண்டு கண்ணாலும் பார்த்தால் கோபுரம் ஜம்மென்று நிமிர்ந்து நிற்கும். உங்கள் வீடும் வெளியே வந்துவிடும்."

"அப்ப வெச்சிப் பாருங்களேன்."

"ஒரு படம்தான் இங்கே இருக்கிறது. இன்னொன்று டில்லியில். இரண்டும் ரகசியம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் எதிரி நாட்டான் ஒரே சமயத்தில் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டானா?"

"இருக்கற ஒண்ணையாவது காட்டுங்க."

"காட்டக் கூடாது. உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது ராணுவ ரகசியம்."

"எனக்குத் தெரியுமே!"

"அது எங்களுக்குக் கவலை தருகிற விஷயம்தான். தெரிந்தவர்கள் எண்ணிக்கையை மேலும் கூட்ட வேண்டாம் என்பதே கொள்கை."

லோகாம்பாள் ஜன்னலைக் காட்டினாள். அங்கிருந்து கோபுரமும் தெரிந்தது, அதன் காலடியில் அவள் வீட்டு ஓடும் தெரிந்தது, ஓட்டின்மேல் காய்ந்த சிவப்பு ஜமக்காளமும் தெரிந்தது. "அதோ பாருங்க சாமி! தலையைத் திருப்பினா போதும்!"

திருஞானசம்பந்தம் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினார். "நேரில் பார்த்தால் எனக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டுவிடும். அபிப்பிராயம் உள்ளவன் அளக்கக் கூடாது. முப்பது தினம், அம்மா."

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களாம். இந்த அலுவலகத்தில் கேட்பவள் கேனச்சி இல்லை, சொல்பவரும் கேனையர் இல்லை. அதுதான் பயங்கரம்.

வீட்டுக்கு வந்ததும் தர்மன் தன் யோசனையைச் சொன்னான். அவன் நல்லவன். யாரோடும் சண்டைக்குப் போக மாட்டான், சண்டை வீட்டுக்கே வந்தாலும் அதற்கு ஜமக்காளம் விரித்துக் கொடுப்பான்.

"பேசாம மாகறல்ல உங்கண்ணன் வூட்டுப் பக்கம் போயிடலாம் லோகு. அங்க கோபுரம் இவ்ளோ உயரம் இல்ல. சாஞ்சாலும் நம்ம மேல விழாது."

"அப்ப இந்த வூடு?"

"அதான் இல்லன்னுட்டாங்களே."

லோகாம்பாள் சுவரில் கையை வைத்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர், அவள் கையால் அடித்தது. "எனக்குப் பயமா இருக்குதுய்யா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொல்லித் தர்மன் கேட்டதில்லை. "இடிச்சிடுவாங்கன்னு கூடப் பயமில்ல. இடிச்சப்புறம் நான் போயி நியாயம் கேட்டா, 'இன்னாத்தை இடிச்சோம்? அங்க வூடே இல்லியே'ன்னு சொல்வாங்க பாரு, அதை நெனச்சாத்தான் பயம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா கேட்டிருக்கிறேன். முழு வூட்டைக் கோபுரத்துல மறைக்கிறாங்களே, பாவிங்க!" கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திப் போட்டாள். "நீ போறதுன்னா போ. நான் போவ மாட்டேன். இறக்கப்படுவீர்களாம்! எவன் இறக்கறான்னு பாக்கறேன்."

தர்மன் போகவில்லை. போனால் திரும்பி வருகிறபோது அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். பார்க்காமலே முடிவு செய்துவிட்ட விஷயத்தைக் கேட்காமலும் முடிவு செய்தால் நன்றாக இருக்காது என்று விதி. நீண்ட மேஜை, அதைச் சுற்றிக் குமாஸ்தாக்கள், நடுவில் திருஞானசம்பந்தம். எல்லாம் மடக்கு நாற்காலிகள், கீழே ஜமக்காளம்.

"திருமதி லோகாம்பாள்! மேற்படி மனையில் உங்களுக்கு வீடும் கடையும் இருந்ததற்கு வான்பட ஆதாரம் உண்டா?"

"இல்லீங்க."

சபை நிம்மதியாக மூச்சுவிட்டது. லோகாம்பாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"வூடும் இல்ல, கடையும் இல்ல. ஒத்துக்கறேன். இல்லாத கடையில இருந்து நாற்காலி எப்படிய்யா வந்துச்சு? எழுந்திருங்க."

"என்ன?"

"எழுந்திருங்கன்றேன். எல்லாத்துலயும் 'லோ' போட்டிருக்குது, தடவிப் பாருங்க. நேர்ல பாத்தா அபிப்பிராயம் வந்துடும்னா கண்ணை மூடிக்கினு தடவுங்க. கடை இருக்குதுன்னா உட்காருங்க, நான் ஒண்ணும் சொல்லல. இல்லன்னா இது மாயம். மாயத்து மேல ஆபீசர் உட்காரலாமா? சத்தார் பாய், வண்டி வந்துச்சா?"

வாசலில் கைவண்டியோடு சத்தார் பாய் நின்றிருந்தார். அவர் முதல் நாற்காலியை மடக்கிய சத்தம் படீரென்று கேட்டதும் குமாஸ்தாக்கள் தாமாகவே எழுந்துவிட்டார்கள். தர்மன் மேஜையின் ஒரு காலைப் பிடித்தான். ஜமக்காளத்தைச் சுருட்டியபோது திருஞானசம்பந்தம் ஒரு காலைத் தூக்கி, மறு காலைத் தூக்கி ஒத்துழைக்க வேண்டியிருந்தது. 'கடை இருக்கிறது' என்ற இரண்டே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. அலுவலகத்தின் கௌரவத்துக்காக நின்றார்.

நின்றவர் சும்மா நிற்கவில்லை. அர்ஜுனனைக் குனியவைத்து, அவன் முதுகின்மேல் காகிதத்தை வைத்து, அங்கேயே உத்தரவு எழுதினார். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. 'வீட்டை இடிக்கவும்' என்று எழுதினால் வீடு இருக்கிறது என்று ஆகிவிடும். ரொம்ப நேரம் யோசித்தார், அர்ஜுனன் முனகினான். கடைசியில், 'மேற்படி மனையில் வான்படத்தின்படி காணப்படும் கட்டடத்தை வருகிற வெள்ளிக்கிழமை இடித்து அகற்றவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிச் சிரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. லோகாம்பாள் காலையிலேயே குளித்து, குங்குமம் வைத்து, இருப்பதிலேயே பெரிய அண்டாவை வாசலில் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். வாலாஜாபாத்திலிருந்து தலையில் வந்த அண்டா அது. கோயிலுக்கு வந்தவர்கள், பூக்காரிகள், தறியைவிட்டு எழுந்து வந்த நெசவாளர்கள் என்று தெரு நிறைந்தது. ஒரு போலீஸ்காரர், கடப்பாரையோடு ஆட்கள், அவர்களுக்கு மேஸ்திரி குமாரவேல், எல்லாருக்கும் பின்னால் குடை பிடித்துக்கொண்டு திருஞானசம்பந்தம். முகத்தைக் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் காட்டாமல் ஆகாயத்தைப் பார்த்தபடி வந்தார். அபிப்பிராயம் ஏற்பட்டுவிடக் கூடாதே!

"இடத்தைவிட்டு எழுந்திருங்கள்!"

"எழுந்திருக்கறேன். மொதல்ல உத்தரவைப் படிங்க. இத்தினி பேரு காதுல விழட்டும்."

படித்தார். கணீரென்ற குரல், பயிற்சி பெற்ற குரல். "மேற்படி மனையில் வான்படத்தின்படி காணப்படும் கட்டடத்தை..."

"இருங்க. வான்படத்துல இந்த எடத்துல இன்னா கட்டடம் இருக்குது?"

திருஞானசம்பந்தம் உத்தரவை மறுபடி ஒரு தடவை மனசுக்குள் படித்துப் பார்த்தார்.

"சொல்லுங்க சாமி. அன்னிக்கு எனக்கு அவ்ளோ அழகாச் சொன்னீங்களே. இங்க இன்னா காணுது?"

"...கோபுரம்."

"மேஸ்திரி, காதுல விழுந்துச்சா? கோபுரத்தை இடிக்கச் சொல்லி உத்தரவு. அதோ நிக்குது. போயி இடி."

குமாரவேல் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார். கடப்பாரையை மெல்லத் தரையில் வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சார், எனக்கு ரெண்டும் பொண்ணுங்க. என்னை விட்டுடுங்க." பின்னாலிருந்த ஆட்களும் வரிசையாகக் கடப்பாரையை வைத்தார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தான் வெறுமனே தரிசனத்துக்கு வந்தவர்போல நகர்ந்து நின்றார். கூட்டத்தில், "கோபுரத்தை இடிக்கச் சொல்றானாம்டா!" என்று யாரோ கத்தியது தெருக்கோடிவரை ஓடியது.

"நான் கோபுரத்தை இடிக்கச் சொல்லவில்லை!" குடை ஆடியது.

"அப்ப வூட்டையா?"

"வீடுதான் இல்லையே!"

"அப்ப இன்னாத்தைய்யா இடிக்க வந்தீங்க?"

லோகாம்பாள் அண்டாவைவிட்டு எழுந்தாள். குமாரவேல் கீழே வைத்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நேரே திருஞானசம்பந்தத்திடம் போனாள். 

"இந்தாங்க. 'இது லோகாம்பாள் வூடு'ன்னு ஒரே ஒரு வாட்டி உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டு நீங்களே இடிங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். இருக்கறதை இடிக்கறவன்கூடச் சண்டை போட்டுக்கலாம், போட்டுத் தோத்தும் போவலாம். இல்லவே இல்லன்னு சொல்லிட்டு இடிக்கறவன்கிட்ட நான் எங்கய்யா போயி முட்டிக்கறது? சொல்லுங்க! வூடுன்னு சொல்லுங்க!"

திருஞானசம்பந்தம் அப்போதுதான் தலையைத் திருப்பினார். எதிரே சுவர், ஓடு, பலகை, அடுக்கிய அண்டாக்கள் எல்லாவற்றையும் நேருக்கு நேராகப் பார்த்துவிட்டார். கண் ஒரு நிமிஷம் மனுஷக் கண் மாதிரி இருந்தது. உதடு அசைந்தது. ஆனால் அலுவலகம் அவர் தொண்டையில் உட்கார்ந்திருந்தது.

"நடவடிக்கை ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். குடையை மடக்கக்கூட மறந்து வேகமாக நடந்தார்.

அதன் பிறகு அந்த அலுவலகம் செய்த காரியத்தை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. தவறு செய்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதினால் முடிகிற விஷயம். ஒரு வரியும் எழுத வராதவர்கள் ஒரு கட்டு நிறைய எழுதினார்கள். 'கோபுரம் சாய்ந்திருப்பது அலுவலகத்தின் கவனத்துக்கு வந்தது. தனி அலுவலர் உரிய நடவடிக்கை எடுத்து அதை நிமிர்த்திவிட்டார்.' மெட்ராஸ் ஏற்றுக்கொண்டது. பாராட்டு விழாவும் நடந்தது. நாற்காலி இந்தத் தடவை வாலாஜாபாத்திலிருந்து வாடகைக்கு வந்தது.

"நேற்றுவரை ரிக்கார்டில் சாய்ந்து கிடந்த கோபுரம் இன்று நிமிர்ந்து நிற்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம்!" என்றார் திருஞானசம்பந்தம். கழுத்தில் மாலை. "ஒரு செங்கல் உதிரவில்லை. ஒரு புறா பறக்கவில்லை. நிமிர்த்தியது யாருக்கும் தெரியக்கூட இல்லை. நிர்வாகம் என்றால் அப்படி இருக்க வேண்டும்!" மெட்ராஸ் அதிகாரி சாத்துக்குடி சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார்.

லோகாம்பாளை மேடைக்கு அழைத்தார்கள். கோபுரம் நிமிர்ந்ததால் அடியிலிருந்து வெளிப்பட்ட வீட்டை அவளுக்குத் திருப்பிக் கொடுக்கும் சடங்கு. அதற்கு அவள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துக் காட்டினார்கள்: 'சாய்ந்திருந்த கோபுரத்தைச் சர்க்கார் நிமிர்த்தி, அதனடியில் இருந்த என் வீட்டை எனக்கு மீண்டும் வழங்கியது. நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்.'

கீழே தர்மன் 'போடு, போடு' என்று சாடை காட்டினான். ஒரு கையெழுத்து. போட்டால் வீடு ரிக்கார்டில் ஏறிவிடும், நிம்மதியாகத் தூங்கலாம். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பேனாவைக்கூட வாங்கிவிட்டாள். 'வழங்கியது' என்ற வார்த்தையில் மனசு நின்றது.

"இது பொய்யிங்க" என்றாள். ஒலிபெருக்கியில் அது தெருவுக்கெல்லாம் கேட்டது.

"அம்மா, இது வெறும் ஃபார்மாலிட்டி..."

"கோபுரம் என்னிக்கும் நேராத்தான் நின்னுச்சு. சாஞ்சவரு நீங்க. என் வூடு எங்கயும் போவல. போவாத வூட்டை நீங்க எப்படிக் குடுப்பீங்க, நான் எப்படி வாங்கிக்குவேன்? இன்னிக்கு நீங்க குடுத்ததுன்னு கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எடுத்துக்கறதும் நீங்கதானே?" பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

திருஞானசம்பந்தம் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தார். "கையெழுத்துப் போடாவிட்டால் ரிக்கார்டில் நீங்கள் கோபுரத்தின்மேலேயே இருக்க வேண்டியதுதான்!"

"இருக்கறேன். காத்து நல்லா வரும்."

கூட்டத்திலிருந்து சத்தார் பாய் ஓர் அண்டாவைத் தட்டினார். அவ்வளவு பலமாக ஒரு சத்தம் அந்த விழாவில் அதுவரை கேட்கவில்லை.

திருஞானசம்பந்தத்துக்குப் பதவி உயர்வு கொடுத்துத் தெற்கே இன்னொரு கோயில் ஊருக்கு அனுப்பினார்கள். அங்கேயும் சாய்ந்த கோபுரங்கள் நிறைய இருக்கின்றனவாம். காஞ்சிபுரத்துக் கட்டு அப்படியே மூடிவைக்கப்பட்டது. அதைத் திறந்தால் யாராவது ஒருவர் 'வீடு இருக்கிறது' என்ற இரண்டு வார்த்தையைச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் யாரும் திறக்கவில்லை. கடப்பாரையோடு யாரும் திரும்பி வரவும் இல்லை. யாரிடம் போய் எதை இடிக்கச் சொல்வது?

வருஷா வருஷம் பங்குனியில் மட்டும் அர்ஜுனன் ஒரு நோட்டீஸோடு வருவான். கோபுரத்துக்குக் குடியிருப்பு வரி. கோயிலில் மூன்றாம் நிலைக்குப் போகிற வழியைப் பூட்டிவிட்டார்கள். ஆகவே அவன் கீழேயே நின்று, விதிப்படி மேலே பார்த்துத் தொண்டை கிழிய மூன்று தடவை கூப்பிடுவான்.

"லோகாம்பாள்! லோகாம்பாள்! லோகாம்பாள்!"

மேலே புறாக்கள் பறக்கும். பின்னாலிருந்து லோகாம்பாள் ஒரு சொம்பு மோரோடு வந்து அவன் தோளைத் தட்டுவாள்.

"மேல யாரும் இல்லபா, கத்தாத. நாங்க கீழ எங்க வூட்டுல இருக்கறோம். மோரைக் குடிச்சிட்டு, ஆளு இல்லன்னு எழுதிக்கினு போ."